கூறை என்ன விலை?

ஆனியும் ஆவணியும் கொழும்பு வெள்ளவத்தைக்குக் கல்யாண மாதங்கள். காலி வீதியின் புடவைக் கடைகளில் அந்நாட்களில் உட்கார இடம் கிடைப்பது அரிது. ரொறன்ரோவில் இருந்து வந்த பெரியம்மா, லண்டன் சித்தப்பா, யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய மாமி என்று ஒரு குடும்பமே நல்ல நாள் பார்த்து, நல்ல நேரம் பார்த்துக் கூறை எடுக்க வந்திருக்கும். கடைக்காரர் ஒவ்வொரு சேலையாக உதறி விரிப்பார். ஒருவர் கரையைத் தடவிப் பார்ப்பார், ஒருவர் தலைப்பைத் தோளில் போட்டுப் பார்ப்பார். யாராவது ஒருவர் மெல்ல விலைச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பார். இன்று ஓர் இலட்சம் ரூபாவைத் தாண்டும் கூறைகள் அங்கே அபூர்வமானவை அல்ல.

மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுக்கும் அந்தச் சேலையை மணப்பெண் மணவறையில் வாங்கிக்கொண்டு போய், உடுத்தி வந்து தாலிக்குக் கழுத்தை நீட்டுகிறாள். அதன் பிறகு கூறை அவள் உடலில் இருப்பது சில மணி நேரம். பிறகு அலுமாரிக்குப் போய்விடும். ஆனாலும் கல்யாணம் முடிந்து மாதக் கணக்கில் பேச்சு ஓயாது.

“கூறை எங்க எடுத்தவை?”

“காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்தவை, அக்கா.”

“அப்ப நல்ல விலை வந்திருக்குமே?”

சில மணி நேரம் உடுத்தும் துணிக்கு ஏன் இவ்வளவு காசு? இதே கேள்வியைப் பரிஸ் நகரத்துக் கைப்பைக்கும், இத்தாலியக் கோட்டுக்கும், மார்பில் முதலைச் சின்னம் தைத்த சேர்ட்டுக்கும் கேட்கலாம். பொருளியல், உளவியல், விலங்கியல், மூளை ஆய்வு என நான்கு துறைகள் இதற்கு விடை தேடி வருகின்றன. அந்த விடைகளைச் சோதித்துப் பார்க்க வெள்ளவத்தையை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம்.

முதலில் துணிக்குச் சேரவேண்டிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நல்ல காஞ்சிபுரம் பட்டு விலை கூடியதாக இருப்பதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்தில் இருந்து வருகிறது, சரிகை சூரத்தில் இருந்து. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்றால், நெசவாளர் மூன்று நாடாக்களைக் கொண்டு, ஒவ்வொரு ஊடை இழையையும் கரை தொடங்கும் இடத்தில் இன்னொரு இழையோடு கோத்துக்கொண்டே போகவேண்டும். இதற்குக் கோர்வை என்று பெயர். ஒருவரால் தனியே முடியாது, பக்கத்தில் இன்னொருவர் இருந்து நாடாவை வாங்கித் தரவேண்டும். தலைப்பின் நிறத்தை மாற்றப் பாவு இழைகளை ஒவ்வொன்றாகப் புதிய இழைகளோடு முறுக்கி இணைக்கும் வேலை இன்னொன்று. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலை நெய்யப் பத்து நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம்.

பட்டு மின்னுவதற்கும் காரணம் உண்டு. பட்டுப் புழு நூற்கும் இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணமாக இருக்கும். ஒளி அதில் பட்டுப் பல கோணங்களில் திரும்புவதால், உடுத்தியவர் அசையும்போது நிறமும் அசைகிறது. கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் மணவறையில் இருக்கும் பட்டு தெரிவது இதனால்தான்.

இத்தனை உழைப்பும் வெள்ளியும் ஒரு சேலை ஏன் மலிவாக இருக்க முடியாது என்பதை விளக்குகின்றன. ஆனால் நல்ல சேலை ஒன்றின் விலைக்கும், அதைப்போல ஐந்து மடங்கு, பத்து மடங்கு விலை சொல்லும் இன்னொரு சேலைக்கும் இடையிலுள்ள தூரத்தை விளக்க அவை போதா. 2008 ஜனவரியில் சென்னையின் பெரிய பட்டுக் கடை ஒன்று, ராஜா ரவி வர்மாவின் ஓவியங்களை நெய்து, தங்கமும் வைரமும் பதித்த ஒரு சேலையை 39,31,627 இந்திய ரூபாவுக்கு விற்றது. உலகிலேயே அதிக விலைக்கு விற்ற சேலையாக அது கின்னஸ் ஏட்டில் ஏறியது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், நெசவும் சரிகையும் முடிந்த பிறகு விலைச் சீட்டில் தொடர்ந்து ஏறும் தொகை ஒன்று இருக்கிறது. அது எதற்கான விலை?

அந்தத் தொகையைத் துணியில் இருந்து தனியாகப் பிரித்துப் பார்க்கும் வழி கொழும்பிலேயே கிடைத்தது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாகப் பங்கு வகுத்து வைத்திருந்த காலம் அது. தங்கள் பங்கு தீர்ந்துபோன ஹொங்கொங் உற்பத்தியாளர்கள், பங்கு மிச்சமிருந்த இலங்கைக்கு வந்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஆடையே நாட்டின் முதன்மை ஏற்றுமதிகளில் ஒன்றானது. 1987இல் தொடங்கிய மாஸ் ஹோல்டிங்ஸ் போன்ற நிறுவனங்கள் விக்டோரியாஸ் சீக்ரெட், நைக்கி போன்ற உலகப் பெயர்களுக்குத் தைத்துக் கொடுத்தன. தைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊர்களில் இருந்து வந்து விடுதி அறைகளில் தங்கிய இளம் பெண்கள்.

பத்தாயிரம் உருப்படிக்கு ஓடர் வந்தால், பழுது போகும் என்று கணக்கிட்டுச் சற்றுக் கூடவே தைப்பார்கள். மிஞ்சியதும், ஏதோ ஒரு சிறு குறைக்காக வெளிநாட்டார் ஏற்க மறுத்ததும் புறக்கோட்டை நடைபாதைக்கும் சர்ப்ளஸ் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. அப்படி வரும்போது பலவற்றின் கழுத்தில் இருந்த லேபிளைக் கத்தரித்து விடுவார்கள், அல்லது கறுப்பு மையால் கோடு இழுத்து விடுவார்கள். துணி அதே துணி. தையல் அதே தையல். தைத்த கையும் அதே கை. நியூயோர்க் கடையில் தொங்கும்போது ஒரு விலை, லேபிள் வெட்டப்பட்டுப் புறக்கோட்டையில் கிடக்கும்போது அதில் ஒரு சிறு பங்கு. இரண்டுக்கும் இடையில் கப்பற் கூலியும் கடை வாடகையும் வரியும் இருப்பது உண்மை. ஆனாலும் ஒரு விரல் நீளத் துணித்துண்டுக்கு எவ்வளவு விலை என்பதைக் கொழும்பு மக்கள் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1989இல் ஒட்டாரா குணவர்தன என்ற இளம் பெண் இத்தகைய மிச்ச ஆடைகளைத் தன் காரின் பின்பெட்டியில் வைத்துத் தெரிந்தவர்களுக்கு விற்கத் தொடங்கினார். அதுவே ஓடெல் என்ற பெரும் கடையாக வளர்ந்தது. பிற்பாடு ஓடெல் என்ற சொல்லே கொழும்பில் ஒரு லேபிள் ஆனது.

அந்தத் துணித்துண்டை ஆடையில் தைத்து வைக்கும் பழக்கத்தைப் பரவச் செய்தவர் சார்ள்ஸ் ஃபிரெடெரிக் வேர்த். இங்கிலாந்தில் பிறந்த இவர் 1858இல் பரிஸ் நகரில் தன் தையல் இல்லத்தைத் தொடங்கினார். அதுவரை சீமாட்டி சொன்னதைத் தையற்காரர் தைத்தார். வேர்த் வந்தபின் தையற்காரர் வரைந்ததைச் சீமாட்டி உடுத்தினார். ஓவியன் படத்தில் கையெழுத்து இடுவதுபோல அவர் தன் பெயரை ஆடையின் உள்ளே தைத்தார். லேபிள் உள்ளிருந்து வெளியே வருவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. டென்னிஸ் வீரர் ரெனே லக்கோஸ்த் 1933இல் தொடங்கிய நிறுவனம் முதலைச் சின்னத்தை மார்பிலேயே தைத்து விற்றது.

அப்படி நிலைநாட்டிய பெயரைக் காப்பாற்ற நிறுவனங்கள் எவ்வளவு தூரமும் போகும். பிரித்தானியாவின் பேர்பெரி நிறுவனம் ஒரே நிதியாண்டில் 2 கோடி 86 இலட்சம் பவுண் பெறுமதியான தன் சொந்தச் சரக்கை அழித்ததை 2018இல் அதன் ஆண்டறிக்கையே வெளியிட்டது. மலிவு விலையில் விற்றால் யாரும் உடுத்திவிடுவார்கள் என்ற அச்சம் ஒரு காரணம். எதிர்ப்பு எழுந்ததும் அதே ஆண்டு அந்த வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. கட்டுநாயக்கவில் லேபிளை வெட்டிய கத்தரிக்கோலும் பேர்பெரி மூட்டிய தீயும் செய்த வேலை ஒன்றுதான்.

யார் எதை உடுத்தலாம் என்பதைக் காப்பது புதிய வேலையும் அல்ல. முன்பு அதை அரசும் சாதியும் செய்தன. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் 1574இல் பிறப்பித்த ஆணை, ஊதாப் பட்டையும் பொன்னிழைத் துணியையும் அரச குடும்பத்துக்கும் மிக உயர்ந்த பிரபுக்களுக்கும் ஒதுக்கியது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடியும் உதையும் பட்டார்கள். 1859இல்தான் மன்னரின் ஆணை இறங்கி வந்தது. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலாடை உடுத்தவும் நகை அணியவும் தடை இருந்தது, இருபதாம் நூற்றாண்டிலும் அதற்காக மோதல்கள் நடந்தன. இந்தக் கொடுமையை நினைவில் வைக்காமல் தமிழர் நல்ல உடுப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்புத் தருகிறார்கள் என்று பேச முடியாது. பாட்டிக்கு மறுக்கப்பட்ட பட்டைப் பேத்திக்கு வாங்குகிறவர் கொடுக்கும் விலையில் நியாயம் ஒன்று இருக்கிறது. அதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவது தவறு.

சட்டமும் சாதிக் கட்டளையும் தளர்ந்த இடத்துக்குக் காவலாக விலை வந்தது. தோர்ஸ்டீன் வெப்ளன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1899இல் எழுதிய நூலில் இதற்குப் பெயர் சூட்டினார்: பிறர் காணச் செலவழித்தல். பொதுவாக விலை ஏறினால் வாங்குவோர் குறைவார்கள். விலை ஏற ஏற ஆசை கூடும் சில பொருட்களும் உண்டு என்றார் அவர். 1950இல் ஹார்வி லைபன்ஸ்டீன் இதை முறையான கோட்பாடாக எழுதி, வெப்ளன் விளைவு என்ற சொல்லைப் பொருளியலில் நிலைக்க வைத்தார்.

இதை உயிரியல் இன்னொரு பக்கத்தில் இருந்து கண்டது. ஆண் மயிலின் தோகை பாரமானது, பகைவனின் கண்ணில் படுவது. பிழைப்புக்கு இடைஞ்சலான இது ஏன் பரிணாமத்தில் நிலைத்தது? இஸ்ரேலிய விலங்கியலாளர் அமோட்ஸ் ஸஹாவி 1975இல் ஒரு விடை சொன்னார். அது இடைஞ்சல் என்பதாலேயே நம்பத்தக்கது. வலுவற்ற மயிலால் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு உயிர் வாழ முடியாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1973இல், பொருளியலாளர் மைக்கல் ஸ்பென்ஸ் வேலைச் சந்தையைப் பற்றி இதே தர்க்கத்தை எழுதியிருந்தார். போலியாகச் செய்யக் கடினமான செலவே நம்பிக்கையான செய்தி. காஞ்சிபுரக் கரையில் நெய்யப்படும் மயிலுக்கும் காட்டு மயிலுக்கும் இந்த இடத்தில் உறவு உண்டு.

இந்தக் கருத்துக்குக் கொட்டாஞ்சேனையை அடுத்த, நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெரு நல்ல உரைகல். கூறையும் தாலியும் ஒரே கல்யாணத்துக்கு வாங்குபவை. தாலிக்கொடியில் போட்ட காசு பொன்னாக இருக்கிறது, ஆபத்து என்றால் அடகு வைக்கலாம், விற்கலாம். 2022இல் ரூபா விழுந்து, டொலர் ஒன்று 200 ரூபாவில் இருந்து 360ஐ எட்டியபோது எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியது அந்தப் பொன். கூறையில் போட்ட காசு அப்படித் திரும்பாது. பழைய பட்டை வாங்குபவர் அதை எரித்துச் சரிகை வெள்ளிக்கு மட்டும் காசு தருவார். ஆகவே துணிக்குக் கொடுப்பது மீளாத செலவு. பொன், நம்மிடம் இருப்பதைக் காட்டுகிறது. துணி, நம்மால் இழக்கக்கூடியதைக் காட்டுகிறது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது தவறு. கல்யாணச் செலவைக் குறைக்க நினைக்கும் பல குடும்பங்கள் பொன்னைக் குறைத்துத் துணியைக் கூட்டுவது, பொருளாதார நோக்கில் தலைகீழான முடிவு.

ஆனால் அந்தச் செலவு யாரிடம் பேசுகிறது? இந்தக் கேள்விக்கு மிக அழகான விடை தென்னிந்தியக் கிராமங்களில் இருந்து வந்தது. ஃபிரான்ஸிஸ் புளொக், விஜயேந்திர ராவ், சோனால்டே தேசாய் என்ற மூன்று ஆய்வாளர்கள் கர்நாடகத்தில் குயவர் குடும்பங்களின் கல்யாணச் செலவை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். பெண்ணை உள்ளூரிலேயே கொடுத்தால் கொண்டாட்டம் அளவோடு நடக்கிறது. வெளியூர் மாப்பிள்ளை என்றால் செலவு எகிறுகிறது. உள்ளூர் மாப்பிள்ளையின் குடும்பம், வயல், பேர் எல்லாம் ஊருக்கே தெரியும், எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. வெளியூர்க் குடும்பத்தை யாருக்கும் தெரியாது. ‘நாங்கள் நல்ல இடத்தில் சம்பந்தம் செய்திருக்கிறோம்’ என்று ஊருக்குச் சொல்ல, பந்தலும் மேளமும் விருந்தும் தேவைப்படுகின்றன.

வெள்ளவத்தையின் கதை இதற்குள் இருக்கிறது. 1983 ஜூலை இனக் கலவரத்துக்குப் பின்னும், போர் நீண்ட ஆண்டுகளிலும், வடக்கில் இருந்தும் கிழக்கில் இருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடிகளுக்கும் கொட்டாஞ்சேனை லொட்ஜ் அறைகளுக்கும் வந்து சேர்ந்தன. ஊரில் ஒருவரைத் தெரிந்துகொள்ள அவர் உடுப்பைப் பார்க்க வேண்டியதில்லை. இன்ன வளவு, இன்ன கிணறு, இன்ன வாத்தியாரின் மகன் என்றால் போதும். ஆறாம் மாடியில் பக்கத்துக் கதவில் இருப்பவருக்கு அந்தக் கிணறு தெரியாது. மாப்பிள்ளையோ பிரான்ஸில் இருந்து வருகிறார், அவரை ஒருமுறை வீடியோவில் பார்த்ததோடு சரி. மண்டபத்துக்கு வரும் முந்நூறு பேரில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஊர் சொல்லிக்கொண்டிருந்த அறிமுகத்தை இப்போது உடுப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கான கூலி விலைச் சீட்டில் ஏறுகிறது. வெளியூர் மாப்பிள்ளைக்கே கர்நாடகக் கிராமத்தில் செலவு கூடியது என்றால், மூன்று கண்டங்களில் இருந்து விருந்தினர் வரும் கல்யாணத்தில் கூறையின் விலை ஏறுவதில் வியப்பில்லை.

அந்நியரிடம் உடுப்பு உண்மையிலேயே பேசுகிறதா? நெதர்லாந்தின் டில்பேர்க் நகரில் ரொப் நெலிசன், மரைன் மையர்ஸ் இருவரும் 2011இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு பெண் கடைத்தொகுதியில் வழிப்போக்கர்களை நிறுத்திச் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கேட்டார். மேலாடையில் பிரபலச் சின்னம் இருந்தபோது பாதிக்கும் மேற்பட்டோர் நின்றார்கள். அதே ஆடை சின்னமின்றி இருந்தபோது நூற்றுக்குப் பதின்மூன்று பேரளவில்தான் நின்றார்கள். இன்னொரு சோதனையில் ‘இந்தச் சேர்ட் அவருடையதல்ல, நாங்கள் கொடுத்தது’ என்று சொன்னவுடன் சின்னத்தின் செல்வாக்கு மறைந்துவிட்டது. சிறிய சோதனைகள்தாம், முழு உலகத்துக்கும் பொருத்திவிடக் கூடாது. இருந்தாலும் ‘கூறை யார் எடுத்துத் தந்தது?’ என்று நம் பெண்கள் கேட்பதன் காரணம் அந்தக் கடைசிச் சோதனையில் தெரிகிறது.

பிறருக்காக மட்டும் உடுத்துகிறோம் என்பதும் முழு உண்மை அல்ல. விலை, உடுத்துபவரின் மூளைக்குள்ளும் வேலை செய்கிறது. கலிபோர்னியாவில் ஹில்கே பிளாஸ்மன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இருபது பேர் ஸ்கேனர் கருவிக்குள் படுத்தபடி வைனைச் சுவைத்தார்கள். ஒரே வைனை ஒருமுறை 10 டொலர் என்றும் இன்னொருமுறை 90 டொலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 டொலர் என்றதே கூடுதலாகப் பிடித்தது என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நெற்றிக்குப் பின்னால் இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் அப்போது கூடுதலாக இயங்கியது. நாவின் செய்தியை முதலில் பெறும் பகுதியில் மாற்றம் இல்லை. சுவை மாறவில்லை, சுவையால் வந்த மகிழ்ச்சி மாறிவிட்டது. விலை கூடிய சேலை உடுத்தியவர் கண்ணாடி முன் உணரும் பூரிப்பும் நடிப்பாக இருக்க வேண்டியதில்லை.

விலையை நம்பி வாங்குவதற்கு அறிவுபூர்வமான காரணம் ஒன்றும் உண்டு: ஏமாற்றம் பற்றிய பயம். பொருளியலாளர் ஜோர்ஜ் ஏகர்லொஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை எடுத்து ஒரு கட்டுரை எழுதினார். பொருளின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார் என்ற நிலையில் நல்ல சரக்குச் சந்தையை விட்டே வெளியேறிவிடும் என்று காட்டினார். இந்தக் கருத்துகளுக்காக 2001இல் அவரும் ஸ்பென்ஸும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பட்டுச் சந்தை அவர் சொன்னதற்கு நேர் உதாரணம். பொலியெஸ்டர் இழை இன்று பட்டைப்போலவே மின்னுகிறது. செம்புக் கம்பிக்கு நிறம் ஏற்றியது சரிகை என்று விற்பனையாகிறது. விசைத்தறியில் நெய்தது கைத்தறிப் பெயரில் வருகிறது. பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர்கூட இல்லாதபோது, பேர் பெற்ற கடையும் கூடிய விலையும் காப்புறுதியாகின்றன. ‘இவ்வளவு விலை சொல்கிறான் என்றால் அசலாகத்தான் இருக்கும்’ என்ற எண்ணம் சிலவேளை சரியாகிறது, சிலவேளை கையைச் சுடுகிறது. இந்தியாவில் பட்டுக்கான சில்க் மார்க் முத்திரை 2004இல் வந்ததும், காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றதும் இந்த நோய்க்கு மருந்தாகத்தான்.

அப்படியென்றால் முத்திரையுள்ள சேலையை வெள்ளவத்தையிலேயே வாங்கலாமே, காஞ்சிபுரம்வரை ஏன் போகவேண்டும்? ஜோர்ஜ் நியூமன், ரவி தர் என்ற ஆய்வாளர்கள் 2014இல் காட்டியது இங்கே உதவுகிறது. லீவைஸ் ஜீன்ஸ் அந்நிறுவனத்தின் முதல் ஆலை இருந்த இடத்தில் தைத்தது என்று சொன்னால், அதே ஜீன்ஸ் கூடுதல் அசலானதாகவும் பெறுமதியானதாகவும் மக்களுக்குத் தோன்றியது. மூல இடத்தின் ஏதோ ஒரு சாரம் பொருளில் ஒட்டிக்கொள்கிறது என்று மனம் நம்புகிறது. கோயில் திருநீற்றை ஊரில் இருந்து பொட்டலமாக வரவழைக்கும் மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூறை என்பதே துணியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். மயிலாடுதுறையில் நெசவுக்குப் பேர்போன பகுதி கூறைநாடு. தமிழ்நாட்டில் முகூர்த்தச் சேலை, பட்டுச் சேலை என்ற பெயர்கள் பரவிவிட்ட பிறகும் ஈழத்தவர் கூறை என்ற சொல்லை விடவில்லை. ஊரை விட்டு வந்தவர்கள் மூலத்தைத் தேடிப் போவதில் கௌரவத்தைவிட ஆழமான ஓர் ஏக்கமும் இருக்கிறது.

மூல இடம் என்ற மதிப்பு எல்லா இடத்துக்கும் கிடைப்பதில்லை. வெள்ளவத்தையிலேயே, காலி வீதியில் இருந்து நடந்துபோகும் தூரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய நூற்பு நெசவாலை ஒன்று இருந்தது. 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய திருப்பம்.   ஆனாலும் அங்கே நெய்த பருத்தித் துணியை யாரும் ஊர்ப் பெயர் சொல்லிப் பெருமையாக உடுத்தவில்லை. ஆலை மூடப்பட்டு, அந்த நிலத்தில் இன்று ஹவ்லொக் சிட்டி என்ற உயர்ந்த குடியிருப்புக் கோபுரங்களும் கடைத்தொகுதியும் நிற்கின்றன.

எல்லாப் பணமும் மின்னவும் விரும்புவதில்லை. யங் ஜீ ஹான், ஜோசப் நூனஸ், சேவியர் டிரெஸ் மூவரும் 2010இல் விலையுயர்ந்த கைப்பைகளை ஆராய்ந்தபோது, ஒரே நிறுவனத்தின் பைகளில் விலை ஏற ஏறச் சின்னம் சிறிதாவதைக் கண்டார்கள். செல்வத்தில் ஊறியவர்கள் தங்களைப்போன்ற சிலருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்கிறார்கள். கொழும்பில் இதற்கு உருவம் கொடுத்தவை பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய பெயர்ஃபுட் கைத்தறியும், ஈனா டி சில்வாவின் பத்திக் துணியும். சரிகையே இல்லாத ஒரு பருத்திச் சேலை. தெரியாதவருக்கு அது சாதாரணம். கறுவாத்தோட்டத்துப் பணக்கார விருந்தில் நிற்பவருக்கு அந்த நிறச் சேர்க்கையே கையெழுத்து. காலி வீதிப் பட்டைப் பார்த்து முகம் சுளிக்கும் சிலர் தாங்கள் இந்த ஆட்டத்துக்கு வெளியே நிற்பதாக நினைக்கிறார்கள். அவர்கள் தாழ்ந்த குரலில் அதே செய்தியைத்தான் சொல்கிறார்கள்.

இனி மனதைத் தொடும் ஓர் ஆய்வு. லியனார்டோ பேர்ஸ்டின் குழுவினர் இந்தோனேசியாவில் பிளாட்டினம் கிரெடிட் கார்ட்டை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்டது. அதே சலுகைகளைச் சாதாரணத் தோற்றமுள்ள கார்ட்டில் தருவதாகச் சொன்னால் விரும்பியவர்கள் குறைவு, பளபளக்கும் கார்ட் என்றால் அதிகம். இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொன்று. ஒருவரின் சுயமதிப்பை உயர்த்தும் சிறு பயிற்சி ஒன்றைச் செய்ய வைத்தபோது, கௌரவப் பொருளின் மேல் அவருக்கிருந்த ஆசை குறைந்தது. வீடும் வளவும் இழந்து, பொலிஸ் பதிவுக்கு வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி இந்தத் தெருக்களில் நடந்த தலைமுறை ஒன்று, ஒரு நாள் கல்யாண மண்டபத்தில் நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டதை இந்த ஆய்வோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆசையைப் புரிந்துகொள்வது ஒன்று, கடன் பட்டுக் கூறை எடுப்பது இன்னொன்று. விலைச் சீட்டில் இரண்டு தொகைகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று புழு, வெள்ளி, நெசவாளரின் இரண்டு கிழமை, பக்கத்தில் இருந்து நாடா வாங்கித் தந்தவரின் கை. மற்றது மண்டபத்துக்கு வரும் அந்நியரிடம் பேசும் கூலி. முதல் தொகையில் பேரம் பேசாதீர்கள், அது பெரும்பாலும் ஏற்கெனவே குறைவாகத்தான் நெசவாளரைச் சேர்கிறது. இரண்டாவதை எவ்வளவு கொடுப்பது என்று வீட்டிலேயே, கடைக்குள் நுழையும் முன்பே, பேசி முடிவெடுங்கள்.

கடையில் சேலையை விரித்ததும் மறுபக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கரையும் உடலும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். கோர்வை என்றால் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது தெரியும். பிறகு தலைப்பின் ஓரத்தில் இருந்து ஓர் இழையை உருவித் தரக் கேட்டு, நெருப்புக் குச்சியால் கொளுத்துங்கள். உருகி, கறுத்து, கல்லுப்போல உருண்டால் அது பொலியெஸ்டர். பட்டும் தலைமுடியும் புரதம். ஆகவே அசல் பட்டு என்றால் கருகிய முடியின் மணம் வரும், சாம்பல் விரலுக்கிடையில் பொடியாகும்.